மண்வள அட்டையில் இன்னும் மூன்று கட்டங்கள் வேண்டும்

சிவகங்கை மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கும், மண் பரிசோதனை நிலையங்களில் பணிபுரியும் அனைவருக்கும்,

வணக்கம்.

என் வயலின் மண்வள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதில் 12 கட்டங்கள் இருக்கின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது முதல் நாடு முழுவதும் இதே 12தான். காட்மியம், ஈயம், ஆர்சனிக் என்ற மூன்று நச்சுப் பொருள்களுக்கும் அதில் கட்டம் வேண்டும் என்பதே என் கோரிக்கை. இந்த அட்டையால் எனக்குக் கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் கோரிக்கை வைப்பது நன்றி கெட்ட செயல்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில், ஒரு கண்மாயின் கடைமடையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து புழுதி விதைப்புதான். புரட்டாசியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் வயலில் தண்ணீர் நிற்கும். தை கடைசியில் அறுப்பு. ஒரு பாத்தியில் கறுப்பரிசி தரும் கவுனி நெல் போடுவோம், வீட்டு விசேஷங்களுக்காக.

மாமனாருக்குப் பிறகு நான் பொறுப்பேற்ற இரண்டாவது ஆண்டில் பயிர் வளராமல் குட்டையாக நின்றது. அடி இலைகளில் துருப் பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். உரக்கடையில் காட்டியபோது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த டி.ஏ.பி. உரம் இன்னொரு மூட்டை போடச் சொன்னார்கள். போட்டேன். புள்ளிகள் பெருகின. அப்போதுதான் அலமாரியில் கிடந்த மண்வள அட்டையை எடுத்துப் பார்த்தேன். மணிச்சத்து அதிகம், துத்தநாகம் குறைவு என்று தெளிவாக இருந்தது. மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போகும். நான் நோயை வளர்க்கும் மருந்தைத்தான் கொட்டியிருக்கிறேன். துத்தநாக சல்பேட்டை அரை சதவீதக் கரைசலாகத் தெளித்தோம். பத்து நாளில் குருத்து பச்சையாக வந்தது. அடுத்த ஆண்டு ஏக்கருக்கு 10 கிலோவை உலர்ந்த மணலில் கலந்து, டி.ஏ.பி.யோடு சேர்க்காமல், தனியாக இட்டோம். அந்த நோய் திரும்பவில்லை.

அத்தோடு மறந்திருப்பேன். ஆனால் நான் வேதியியல் படித்தவள். துத்தநாகம் இல்லாமல் அந்தப் பயிர் தவித்த மூன்று வாரங்களில் வேர் வேறு எதை உள்ளே இழுத்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. எங்கள் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓர் ஊரின் ஓரமாக வருகிறது. அந்த ஊரின் சாக்கடை அதில் சேர்கிறது. வண்டி பழுதுபார்க்கும் பட்டறைகளும், பழைய பேட்டரிகளை உடைக்கும் ஒரு கொட்டகையும் அதன் கரையில் இருக்கின்றன. அந்தத் தண்ணீர்தான் மழைக்காலத்தில் கண்மாயில் நிறைந்து, மடை வழியே எங்கள் வயலுக்கு வருகிறது.

நிபுணர்களான உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த மடலை விவசாயிகளும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

வேரின் மேல்தோலில் ஒவ்வொரு சத்துக்கும் ஒரு வாசல் உண்டு. புரதத்தால் ஆன வாசல்கள் அவை. காட்மியத்துக்கென்று நெல் எந்த வாசலும் வைத்திருக்கவில்லை. பயிருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் மண்ணீரில் கரைந்த காட்மியம், துத்தநாகத்தைப் போலவும் மாங்கனீசைப் போலவும் அதே மின்னேற்றத்தோடு வந்து நிற்கிறது. வாசல் ஏமாந்துபோகிறது. நெல்லில் காட்மியம் நுழையும் முக்கிய வழி மாங்கனீசு வாசல்தான் என்பதை 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோஷிஹிகாரி என்ற அவர்களுடைய நெல் ரகத்தில் அயனிக் கற்றையைச் செலுத்தி அந்த வாசலைக் கெடுத்தபோது, மாசுபட்ட வயலில் விளைந்த அரிசியிலும் காட்மியம் ஏறக்குறைய இல்லாமல் போனது. இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் வாசல்கள் வழியாகவும் காட்மியம் நுழையும்.

நான் சொல்ல வந்ததன் உயிர்நாடி இனிமேல்தான். இந்த வாசல்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கிறது. இரும்போ துத்தநாகமோ மண்ணில் போதாதபோது, வேர் அந்தச் சத்துக்கான வாசல்களைப் பெருக்கிக்கொள்கிறது. பசித்தவர் வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல. துத்தநாகம் வராமல் காட்மியம் வந்தால் அதுவும் உள்ளே போகும். ஆகவே தானியத்தில் எவ்வளவு காட்மியம் சேரும் என்பதை மண்ணில் எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. மண்ணில் என்னென்ன சத்து குறைகிறது என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது. ஒரே அளவு காட்மியம் உள்ள இரண்டு வயல்களில், ஒன்று துத்தநாகம் நிறைந்ததாகவும் மற்றது துத்தநாகம் குறைந்ததாகவும் இருந்தால், இரண்டின் அரிசியும் ஒன்றாக இராது.

ஆர்சனிக் இன்னும் தந்திரமானது. நீர் வடிந்த மண்ணில் அது மணிச்சத்தின் வேடத்தில் மணிச்சத்து வாசலில் நுழைகிறது. நீர் தேங்கிய மண்ணில் உரு மாறி, சிலிக்கா உள்ளே போகும் வாசலில் நுழைகிறது. நெல் மற்றத் தானியங்களைவிட அதிகமாகச் சிலிக்காவை உறிஞ்சும் பயிர்; அதனால்தான் ஆர்சனிக்கையும் அதிகமாக உறிஞ்சுகிறது. 2008-இல் இந்த வழி கண்டறியப்பட்டது. மண்ணில் சிலிக்கா தாராளமாக இருந்தால் வாசலில் நெரிசல் ஏற்பட்டு ஆர்சனிக் பின்தங்கும். நம் புதுவயல் அரிசி ஆலைகளை நினைத்துப் பாருங்கள். உமியில் சிலிக்கா மிகுதி. எரித்த சாம்பலில் பெரும்பங்கு அதுதான். நெல்லோடு வயலிலிருந்து போன சிலிக்கா ஆலை வாசலில் சாம்பல் மேடாகக் கிடக்கிறது, வயலோ வெறுமையாகிறது.

ஈயம் அப்படியல்ல. வேர் அதைப் பெரும்பாலும் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். தண்டுக்கும் மணிக்கும் கொஞ்சமே போகும். ஆனால் சாலைத் தூசியாகவும் பட்டறைப் புகையாகவும் இலையின்மேல் படிந்து வரும் ஈயத்துக்கு எந்த வாசலும் தேவையில்லை. கீரையை மூன்று தண்ணீரில் அலசும் நம் பாட்டிமாரின் பழக்கம் அங்கே உண்மையிலேயே காப்பாற்றுகிறது. வேருக்குள் போன காட்மியத்தை எத்தனை முறை அலசினாலும் எடுக்க முடியாது.

மண்ணின் புளிப்பையும், அதாவது அமிலத்தன்மையையும், சொல்ல வேண்டும். புளித்த மண்ணில் காட்மியம் எளிதில் கரையும். நம் செம்மண்ணும் செம்புறை மண்ணும் களி குறைந்தவை, இலை தழை மக்கி உண்டாகும் மக்கும் குறைந்தவை. உலோகத்தைப் பிடித்துவைக்கும் சக்தி கரிசலைவிட இவற்றுக்குக் குறைவு. அதன்மேல் ஆண்டுதோறும் அம்மோனிய உரத்தைக் கொட்டினால் வேரைச் சுற்றியுள்ள மண் மேலும் புளிக்கிறது. கடையில் வாங்கும் சாதாரணப் பொட்டாஷில் உள்ள குளோரைடு காட்மியத்தோடு ஒட்டிக்கொண்டு அதை மண்ணீரிலேயே மிதக்க வைக்கிறது. சுவர் பூசச் சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்த ஊர் இது. புளித்த வயலுக்கும் அதே சுண்ணாம்பு மருந்து. ஆனால் அளவு தெரியாமல் இட்டால் துத்தநாகம் பூட்டப்பட்டுவிடும். காரம் ஏறினால் ஆர்சனிக் அசையத் தொடங்கும். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் இடாமல், அட்டையைப் பார்த்து இட விரும்புகிறோம்.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சி, நெல் வளர்க்கச் சொல்கிறீர்கள். நீர் மிச்சமாகிறது, வேர் ஆழமாகிறது, நல்ல யோசனைதான். வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிவிடும். அப்போது இரும்புத் துருவில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபடும். வயல் காயும்போது தலைகீழ்: ஆர்சனிக் அடங்கும், காட்மியம் எழும். எனவே காட்மியம் உள்ள வயலில் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும்படி ஜப்பானில் விவசாயிகளுக்கு அறிவுறுத்துகிறார்கள். கால்வாய்ப் பாசனம் உள்ளவர்களுக்கு அது முடியும். எங்கள் கடைமடையில் மார்கழிக் கடைசியிலேயே மடை வாய் காய்ந்துவிடுகிறது. பால் பிடித்து மணி முற்றும் வாரங்களில்தான் எங்கள் வயல் வெடிக்கிறது. காட்மியம் மணிக்குள் ஏறுவதற்கு மிகவும் வசதியான காலம் அதுதான். தண்ணீரைக் கொண்டு தப்பிக்கும் வழி எங்களுக்கு இல்லை. எங்கள் கையில் மிச்சமிருப்பது மண்ணின் ஊட்டம் ஒன்றே: துத்தநாகக் குறை இல்லாமல் பார்த்துக்கொள்வது, புளிப்பைச் சரிசெய்வது, மக்கை ஏற்றுவது. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு ஊட்டம் என்பது விளைச்சல் பற்றிய பேச்சாக இருக்கலாம். எங்களுக்கு அது சாப்பிடும் சோற்றின் தூய்மை பற்றிய பேச்சு.

செட்டிநாட்டு அரிசியில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது இந்த மடலிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்துப் பரப்பினால் அது எனக்கும் என் அண்டை வயல்காரர்களுக்கும் செய்யும் அநியாயம். நான் கேட்பது அளந்து பார்க்கும் உரிமையை.

அளப்பது எட்டாத காரியமும் அல்ல. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகிய நான்கையும் அளக்க உங்கள் ஆய்வகங்களில், உலோகங்களைப் பிரித்தெடுக்கும் டி.டி.பி.ஏ. கரைசலில் மண்ணைக் குலுக்கி வடிகட்டுகிறீர்கள். லிண்ட்சே, நார்வெல் என்ற இருவர் 1978-இல் வகுத்த முறை. பயிருக்கு எட்டக்கூடிய காட்மியமும் ஈயமும் அதே வடிநீரில்தான் இருக்கின்றன. இரண்டாம் முறை குலுக்க வேண்டியதில்லை. அணு உறிஞ்சல் கருவியில் அந்தந்த உலோகத்துக்குரிய விளக்கைப் பொருத்தி, அதே குடுவையை மறுபடி காட்ட வேண்டும், அவ்வளவே. ஆர்சனிக்குக்கு மட்டும் தனி முறை வேண்டும், அது செலவுதான். ஆகவே எல்லா வயலுக்கும் கேட்கவில்லை. ஊர்ச் சாக்கடை சேரும் வரத்துக்கால்களைக் கொண்ட கண்மாய்களின் ஆயக்கட்டு (பாசன நிலம்) எது என்பது உங்கள் களப் பணியாளர்களுக்குத் தெரியும். அந்த வயல்களில் முதலில் தொடங்குங்கள். அந்த அட்டைகளில் மட்டும் காட்மியம், ஈயம், ஆர்சனிக் என்று மூன்று கட்டங்கள் கூடட்டும்.

கருவி போதாவிட்டால் உதவி கேட்க வெகுதூரம் போக வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம். ஈயத்தையும் காட்மியத்தையும் மிக நுண்ணிய அளவில் அளக்கும் முறைகளில் மின்வேதியியல் முறை முக்கியமானது. இந்த ஊர் கொடுத்த நிலத்தில் எழுந்த அறிவு இந்த ஊரின் நிலத்தைப் பார்க்கட்டும் என்று கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டில் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒருங்கிணைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

வண்டல் மண்ணைப் பற்றியும் கேட்க வேண்டும். கண்மாய் வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுத்து வயலில் இடலாம் என்ற ஏற்பாட்டை நாங்கள் மனமார வரவேற்கிறோம். எங்கள் செம்மண்ணுக்குக் களியும் மக்கும் கொடுக்கும் அமுதம் அது. நல்ல வண்டல் உலோகத்தைப் பிடித்து நிறுத்தி வேருக்குப் போகாமல் தடுக்கவும் செய்யும். ஆனால் சாக்கடை சேர்ந்த கண்மாயில் அத்தனை ஆண்டு உலோகத்தையும் பிடித்து வைத்திருக்கும் இடமும் அந்த வண்டலே. அனுமதிச் சீட்டு கொடுக்கும் முன் கண்மாய்க்கு ஒரு மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். நகரக் குப்பையில் செய்த உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை ஏற்கெனவே வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, ஆர்சனிக் 10. அந்த உரத்தின் சோதனைச் சீட்டை மூட்டையோடு கொடுக்கச் சொல்லுங்கள். மணிச்சத்து உரங்களிலேயே பாறை பாஸ்பேட் வழியாகக் காட்மியம் கொஞ்சம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் உரத்தில் உள்ள ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் என்று அதற்கு எல்லை வகுத்துவிட்டது. தேவைக்கு மேல் டி.ஏ.பி. போட்ட என்னைப் போன்றவர்கள் ஒரே மூட்டையில் இரண்டு தவறு செய்கிறோம்: துத்தநாகத்தைப் பூட்டுகிறோம், காட்மியத்தையும் சேர்க்கிறோம்.

சோதனை என்றால் எங்கள் ஊரில் பயப்படுகிறார்கள். நான் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது பக்கத்து வயல் சித்தப்பா, "அட்டையில் ஏதாவது எழுதிவிட்டால் நெல்லை யார் வாங்குவார்கள்? மகள் வீட்டுக்குக்கூட அரிசி கொடுத்தனுப்ப முடியாதே" என்று கேட்டார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். சோதனை முடிவு எங்கள் கைக்கு வரும்போது கூடவே வழியும் வர வேண்டும். எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு துத்தநாகம், எந்தப் பயிரை மாற்றலாம் என்று அதே தாளில் இருக்க வேண்டும்.

பயிர் மாற்றத்தில் நமக்குக் கைவசமே நல்ல வழிகள் இருக்கின்றன. கீரைகள் காட்மியத்தை இலையில் சேர்க்கும். வெண்டை, சுரை, புடலை போன்ற காய்களில் அது குறைவு. எங்கள் வரத்துக்கால் கரையில் கீரைப் பாத்தி போட்டுப் பிழைக்கும் அக்காமார் நால்வரை எனக்குத் தெரியும். அவர்களை விரட்டக் கூடாது. அங்கே மல்லிகைக்கோ புடலைப் பந்தலுக்கோ மாறக் கன்றும் கம்பியும் கொடுத்தால் அவர்களே மாறிக்கொள்வார்கள். கத்தரி மட்டும் காய்களில் கொஞ்சம் பேராசைக்காரச் செடி. அதற்கு ஜப்பானில் கண்ட தீர்வைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கத்தரியைச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டினால் காயில் சேரும் காட்மியம் பாதிக்கும் கீழே குறைகிறது. சுண்டைக்காய் வேர் காட்மியத்தைக் குறைவாகவே மேலே அனுப்புகிறது. நம் வீட்டுக் கொல்லைகளில் தானாக முளைத்து நிற்கும் சுண்டைக்காய்! சுண்டைக்காயில் ஒட்டிய கத்தரி நாற்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. வாடல் நோய்க்காக அதைத் தருகிறீர்கள். இந்தக் காரணத்துக்காகவும் எங்கள் பகுதிக்கு முன்னுரிமை கொடுங்கள்.

இதை ஏன் இத்தனை அவசரமாகக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. நெல்வேரின் மாங்கனீசு வாசலும், நம் குடலில் இரும்பை உறிஞ்சும் வாசலும் ஒரே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உடலில் இரும்பு குறைந்தால் குடலும் வாசல்களைப் பெருக்குகிறது. உணவில் உள்ள காட்மியம் அதிகமாக உள்ளே போகிறது. வயலில் நடப்பது வயிற்றிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், காட்மியம் உள்ள சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்று எலும்பு நொறுங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற, நடு வயது கடந்த பெண்கள். 1968-இல்தான் அந்த நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. அத்தனை பெரிய மாசு நம் கண்மாயில் இல்லை. ஆனால் மூன்று வேளையும் சோறு உண்ணும் வீட்டில், சத்துக் குறைந்த வயலின் அரிசியைச் சத்துக் குறைந்த உடல் உண்ணும்போது சிறிய அளவுகூடச் சிறியதாக இருப்பதில்லை. என் மகளுக்குப் பதினான்கு வயது. அவளுடைய இரத்தச் சோதனைச் சீட்டில் இரும்புக்கு எதிரே போட்டிருந்த கீழ்நோக்கிய அம்புக்குறியைப் பார்த்த அன்றுதான் இந்த மடலை எழுத முடிவு செய்தேன்.

சித்திரையில் உழவுக்கு முன், என் வயலின் மேல்மடை ஓரத்திலும் நடுவிலும் கடைசிப் பாத்தியிலும் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, அரை அரைக் கிலோவாகத் துணிப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். கண்மாய் வண்டல் ஒரு பை. அறுத்த நெல்லிலிருந்து ஒரு படி, கவுனியிலிருந்து அரைப் படி. பட்டை தீட்டாமல் உண்ணும் அரிசி என்பதால் கவுனியைத் தனியாகவே சோதிக்க வேண்டும். ஆர்சனிக் தவிட்டில்தான் மிகுதியாகத் தங்கும். எங்கள் ஆயக்கட்டில் மேலும் ஏழு பேர் தங்கள் வயல் மண்ணைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இந்தப் பைகளோடு வருகிறோம். வாங்கிக்கொள்ள ஒருவரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
தேவகோட்டை வட்டம்.